கர்னலும் கட்டாத கையேடும்

கெட்டுப்போன ஒன்றைச் சரிசெய்ய யாராலும் முடியும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைச் சரிசெய்யத்தான் தனித் திறமை வேண்டும். அக்காவின் தம்பிக்கு அது பிறவியிலேயே வாய்த்திருந்தது.

கல்லூரியில் அவனுக்குக் கர்னல் என்று பெயர். ராணுவத்துக்கும் அவனுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. தெருமுனையில் நாய் படுத்திருந்தால் சுற்றுவழியில் வீடு வந்து சேர்கிற ஆள். லினக்ஸ் என்ற இலவசக் கம்ப்யூட்டர் இயங்குதளத்துக்குள் நடுநாயகமாக உட்கார்ந்திருக்கும் கர்னல் என்ற பகுதியைப் பற்றி, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் ஓயாமல் பேசியதால் வந்த பட்டம். கேலிக்கு வைத்ததை அவன் விருது மாதிரி வாங்கிக்கொண்டான்.

அக்கா நடத்தியது எம்பிராய்டரி கடை. வீட்டின் முன்னறைதான் கடை. தெருவைப் பார்த்து ஒரு ஷட்டர், சுவர் முழுக்க நூல்கண்டுகள், நடுவில் கன்றுக்குட்டி அளவுக்கு எம்பிராய்டரி மெஷின், மூலையில் ஒரு கம்ப்யூட்டர். படத்தைக் கொடுத்தால் அதைத் தையல்களாக மாற்றித் தருவது கம்ப்யூட்டரின் வேலை. அந்த ஃபைலைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு ஊசியை ஓட்டுவது மெஷினின் வேலை. இரண்டுக்கும் நடுவில் நின்று, நூல் அறுந்தால் திட்டுவது அக்காவின் வேலை. இந்த ஏற்பாட்டில் கர்னலுக்கு ஒரு வேலையும் இல்லை என்பதுதான் ஒரே குறை.

மெஷினோடு வந்த மென்பொருள் வருஷா வருஷம் சந்தா கேட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் கர்னல்தான் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் லினக்ஸைப் போட்டு, இலவசமாகக் கிடைக்கும் ஒரு தையல் மென்பொருளை மூலநிரலிலிருந்து, அதாவது மனிதர்கள் எழுதிய வரிகளிலிருந்து, தன் கையாலேயே கட்டிக் கொடுத்தான். அன்று அக்கா அவனை நாலு பேர் முன்னால் மெச்சியதுதான் வினை. அதன்பிறகு அவனுக்கு ரெடிமேட் என்றாலே ஆகாது. ஒரு பட்டனைத் தட்டினால் தானாக வந்து உட்காரும் மென்பொருளை, ஓட்டலில் வாங்கி வந்து வீட்டுச் சமையல் என்று பரிமாறியதைப் பார்ப்பது போலப் பார்ப்பான்.

"எதையுமே மூலத்துல இருந்து பண்ணணும் அத்தான். மூலம்தான் முக்கியம்."

"அதுக்கு இப்ப நல்ல ஆயின்மென்ட் எல்லாம் வந்திருக்கு மாப்ள," என்பார் அக்காவின் கணவர்.

அத்தான் பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர். ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி ஏறி, யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது தொழில். வீட்டிலும் அப்படித்தான். மூடிய டப்பா, மடித்த காகிதம், கவிழ்த்து வைத்த போன், எதையும் திறந்து பார்க்காமல் அவரால் தாண்டிப் போக முடியாது.

அன்று காலை ஷட்டரைத் தூக்கியதுமே விளையாட்டு வாத்தியார் வந்து நின்றார். பள்ளிக்கூடத்து வாலிபால் அணி முதல்முறையாக வெளியூர்ப் போட்டிக்குப் போகிறது. சாயங்கால பஸ்ஸில் கிளம்புகிறார்கள். ஜாக்கெட்டில் பள்ளிச் சின்னம் இல்லையென்றால் மைதானத்தில் இறங்க விடமாட்டார்களாம். வழக்கமாகத் தைக்கும் கடைக்காரர் நேற்று மாலை கையை விரித்துவிட்டார்.

"குதிரைம்மா. ஓடற குதிரை. அவ்வளவுதான் சின்னம்," என்றார் வாத்தியார். மூச்சு வாங்கியது, அவரும் ஓடித்தான் வந்திருந்தார். "இது மட்டும் நல்லா வந்துச்சுன்னா, ஸ்கூல்ல இருக்கற அத்தனை டீமுக்கும், யூனிஃபார்முக்கும், இனிமே உங்க கடைதான்."

கடை திறந்த நாளிலிருந்து அக்கா காத்திருந்தது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். மாதம் முழுக்கத் தலையணை உறையில் பூப்போட்டுக்கொண்டிருந்தவளுக்கு ஒரு பள்ளிக்கூடமே நடந்து வந்து கதவைத் தட்டியிருக்கிறது. முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல், "பாக்கறேன் சார், முடிச்சிடலாம்," என்றாள். வாத்தியார் தலை மறைந்ததும்தான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

குதிரைக்கு வேண்டிய செம்பழுப்பு நூல் கையிருப்பில் இல்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"படத்தை மெயில்ல அனுப்பறேன்னாரு. வந்தா டவுன்லோட் பண்ணி வை. வேற எதையும் தொடாத."

"நான் என்னக்கா தொடப்போறேன்?"

"அதான்டா பயம்."

குதிரை வந்தது. கர்னல் அதைச் சொன்னபடியே இறக்கி வைத்தான். அதோடு எழுந்து போயிருந்தால் இந்தக் கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கும். ஆனால் திரையின் ஓரத்தில் ஒரு சின்ன அறிவிப்பு கண்ணடித்தது. தையல் மென்பொருளின் புதிய பதிப்பு வெளியாகியிருக்கிறது. என்ன புதுமை என்று படித்துப் பார்த்தான். 'பல மேம்பாடுகள். பட்டன்களின் மூலைகள் வளைவாக்கப்பட்டுள்ளன.'

பட்டன்களின் மூலைகள் வளைவாக இருக்கும்போது, அக்கா கூரான மூலைகளோடு மல்லுக்கட்டுவதை உடன்பிறந்தவன் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? அவள் திரும்பி வருவதற்குள் முடித்துவிடலாம். பழையதும் புதியதும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால் முட்டிக்கொள்ளும் என்பதால் முதல் காரியமாகப் பழையதை அழித்தான். அதைக் கட்டிய மூலநிரல்? இடத்தை அடைக்கிறது என்று அதைப் போன வருஷமே சுத்தம் செய்திருந்தான். திரும்பிப் போக ஒரு பாலமும் மிச்சமில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, நெட்டி முறித்து உட்கார்ந்தான்.

புதிய பதிப்பின் மூலநிரலை இறக்கி, கட்டுவதற்கு வேண்டியதெல்லாம் இருக்கிறதா பார் என்று கட்டளையிட்டான். திரையில் வரிசையாக 'இருக்கிறது, இருக்கிறது' என்று ஓடியது. பிறகு நின்றது. ஒரு லைப்ரரி இல்லையாம்.

மென்பொருள்காரர்களின் லைப்ரரியில் புத்தகம் இருக்காது. பிறர் ஏற்கெனவே எழுதி வைத்த வேலைகளின் மூட்டை அது. கோடு போட ஒன்று, நிறம் கொடுக்க ஒன்று, ஃபைல் திறக்க ஒன்று. கர்னல் அந்த லைப்ரரியைப் போட்டான். மறுபடி கேட்டான். இல்லை என்றது. போட்டிருக்கிறேனே என்று காட்டினான். இல்லை என்றது. லைப்ரரி வந்துவிட்டது, அதை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று சொல்லும் குறிப்புகள் தனி மூட்டையாம். ஆள் வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். பெயர் தெரியாததால் அவரை வரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். சரி, அந்த மூட்டையையும் போட்டான்.

இப்போது இருக்கிறது என்றது. ஆனால் பழசு என்றது. புதுசை மூலநிரலிலிருந்து கட்டினான். கட்டியது ஒரு அறையில் போய் உட்கார்ந்தது. தையல் மென்பொருள் அடுத்த அறையில் தேடிவிட்டுக் காணோம் என்று உதட்டைப் பிதுக்கியது. கையைப் பிடித்துக் கூட்டிப்போய், இதோ பார், இவர்தான் என்று அறிமுகம் செய்து வைத்தான். அப்பாடா என்று சாய்ந்தால், அடுத்தவர் வரவில்லையாம்.

விசேஷத்துக்குச் சொந்தக்காரர்களை அழைக்கப் போனால் பெரியப்பா கேட்பாரே, "சித்தப்பாகிட்ட சொல்லியாச்சா?" என்று. சித்தப்பாவிடம் போனால் அவர், "மூத்த மாப்பிள்ளை வராம நான் எப்படி வர்றது?" என்பார். மூத்த மாப்பிள்ளைக்குப் பெரியப்பா வீட்டிலிருந்து யாராவது வந்து நேரில் சொல்ல வேண்டும். அதே கதைதான், மென்பொருள்காரர்கள் இதை டிபெண்டன்சி என்பார்கள். ஒரே வித்தியாசம், சொந்தக்காரர்களுக்கு நடுவில் ஒரு நல்ல மனுஷியாவது 'விடுங்க, நான் பேசிக்கறேன்' என்று எழுந்து வருவாள். லைப்ரரிகளில் அப்படி ஒருத்தியும் இல்லை.

அக்கா நூலோடு திரும்பி வந்தபோது கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தன.

"என்னடா இது?"

"கட்டிட்டு இருக்குக்கா."

"எதை?"

"அதான்... சாஃப்ட்வேரை."

"அது காலைல ஓடிச்சே?"

"புதுசு வந்துச்சுக்கா."

"பழசுக்கு என்ன கேடு?"

கர்னல் யோசித்தான். "பழசா இருந்துச்சு."

அக்கா நூல்கண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள். "சாயங்காலம் பஸ். ஞாபகம் இருக்கா?"

"பத்தே நிமிஷம்."

பத்து நிமிஷம் என்பது இந்தத் தொழிலில் நேரத்தின் அளவு அல்ல, மனநிலை. கர்னல் அந்த மனநிலையிலேயே மத்தியானம் வரை இருந்தான். எழுத்துகள் ஓடிக்கொண்டே இருந்ததால் அக்காவும் ஏதோ நடக்கிறது என்று நம்பினாள். நடுவில் எர்ரர் வந்து நின்றபோதெல்லாம், அவள் திரும்புவதற்குள் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைல்களின் பெயர்களையெல்லாம் வரிசையாகக் காட்டச் சொல்லி ஒரு கட்டளை கொடுத்துவிடுவான். அதுவும் மழை மாதிரியே கொட்டும். பார்க்கிறவர்களுக்கு எந்த மழையில் பயிர் விளையும் என்று தெரியவா போகிறது?

வாத்தியார் ஜாக்கெட் மூட்டையைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, திரையைப் பயபக்தியோடு பார்த்தார். "பெரிய வேலை போல இருக்கே?"

"நம்ம தம்பிதான் பாத்துக்கறான் சார்," என்றாள் அக்கா. அந்த 'நம்ம தம்பி'யில் இருந்த பல்லைக் கடிக்கும் ஓசை வாத்தியாருக்குக் கேட்கவில்லை.

"பசங்க நேத்து ராத்திரி தூங்கவே இல்லம்மா. ஜாக்கெட்டைப் போட்டுப் போட்டுப் பாக்கறாங்க," என்று சிரித்துவிட்டுப் போனார்.

அதற்குள் கர்னல் ஒருவழியாக எல்லாச் சொந்தக்காரர்களையும் கூட்டிவிட்டான். ஒரே ஒருவர் பாக்கி. ஆவணங்களை அழகாக அச்சுக்கோக்கும் ஒரு கருவி. அதைக் கட்ட ஒரு எழுத்துருக் கருவி வேண்டும். அதைக் கட்ட, அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு கணினி மொழி வேண்டும். அந்த மொழியைக் கட்டப் போனான். அந்த மொழியைக் கட்டுவதற்கு அந்த மொழியே வேண்டும் என்றது.

கர்னல் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தான். மாவு வாங்கக் கடைக்குப் போனால், அதே மாவு கொஞ்சம் கொண்டுவந்தால்தான் தருவேன் என்கிறார்கள். முதலில் இந்த மொழியைக் கட்டியவன் எதை வைத்துக் கட்டினான்? எங்கிருந்து இறங்கி வந்தான்? இப்படியெல்லாம் தத்துவம் பேச அவனுக்குப் பிடிக்கும். ஆனால் முதுகுக்குப் பின்னால் அக்கா கத்தரிக்கோலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

எர்ரரை அப்படியே எடுத்து இணையத்தில் தேடினான். உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்கு இதே பிரச்சினை வந்திருந்தது. கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் ஒரு ஃபோரத்தில், இரண்டு வருஷத்துக்கு முன். அதே மென்பொருள், அதே அச்சுக்கோக்கும் கருவி, அதே முட்டுச்சந்து. பாவம், கும்பிட்டுக் கேட்டிருந்தார்: 'நான் புதியவன். யாராவது உதவுங்கள்.' கீழே ஒரே ஒரு பதில். கர்னல் ஆவலோடு கீழே இறங்கினான்.

'கேள்வி கேட்பதற்கு முன் கையேட்டைப் படிக்கும் பழக்கம் உண்டா? படித்துவிட்டு வரவும்.'

இந்தத் திமிர் பிடித்தவன் யார் என்று பெயரைப் பார்த்தான். கர்னல் என்று இருந்தது. பக்கத்தில் அவனுடைய படமே சிரித்தது. அந்தப் பதிலைப் பதினோரு பேர் மெச்சியிருந்தார்கள். அதில் ஒருவர் கர்னல்.

தன் அறிவுரையைத் தானே கேட்கும் பாக்கியம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கர்னல் கேட்டுவிடலாம் என்றுதான் முடிவு செய்தான். கையேடு எங்கே என்று தேடினான். அப்போதுதான் தெரிந்தது, அந்த அச்சுக்கோக்கும் கருவி எதற்கு என்று. கையேட்டைக் கட்டுவதற்கு. ஆக, கையேட்டைப் படித்தால் கருவியைக் கட்டலாம். கருவியைக் கட்டினால் கையேட்டைப் படிக்கலாம். காலையிலிருந்து இந்த வட்டத்தைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறான். செக்குமாட்டுக்காவது கடைசியில் எண்ணெய் வரும்.

"என்ன மாப்ள, திருதிருன்னு முழிக்கற?"

அன்று அத்தானுக்கு விடுப்பு. மத்தியானத் தூக்கம் கலைந்து, பனியனோடு, காபி டம்ளரோடு வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஒண்ணுமில்ல அத்தான். கடைசி ஸ்டேஜ்."

"யாருக்கு?"

அக்கா அங்கிருந்தே சொன்னாள். "கேளுங்க. நல்லா கேளுங்க. என்னமோ கட்டறானாம். அடுக்குமாடிக் கட்டிடமே இந்நேரம் கட்டி முடிச்சிருப்பாங்க."

"ஒரே ஒரு டிபெண்டன்சிதான்க்கா பாக்கி."

"இங்க பாரு. குதிரை வரலைன்னா அந்தாளுகிட்ட நான் என்னடா சொல்றது? தூங்காம இருக்கற பசங்ககிட்ட போயி, எங்க வீட்ல ஒரு தடியன் இருக்கான், அவனுக்குப் பழசு பிடிக்காதுன்னு சொல்லவா?" குரல் ஏறிக்கொண்டே போய், கடைசியில் சட்டென்று உடைந்தது. "ஒரு தடவ இப்படி ஆச்சுன்னா, அப்புறம் அந்த ஸ்கூல்காரங்க நம்ம தெருப் பக்கமே வரமாட்டாங்க."

கர்னலுக்கு அக்கா திட்டியபோது பழகிப்போன மாதிரி இருந்தது. உடைந்தது அவனுக்குப் புதிது. தண்ணீர் குடிப்பது போல எழுந்து உள்ளே போனான். உள்ளே போய் உண்மையிலேயே தண்ணீர் குடித்தான். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஆளில்லாத நாற்காலியும் திறந்து கிடக்கும் கம்ப்யூட்டரும். அத்தானுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஓடுகிற பஸ்ஸில் ஏறுவது போல ஸ்டூலிலிருந்து நாற்காலிக்குத் தாவினார். திரையில் ஃபைல்கள் வரிசையாக இருந்தன. ஒன்றின் மேல் மவுஸை வைத்து இரண்டு தட்டுத் தட்டினார். திறந்துகொண்டது.

கர்னல் திரும்பி வந்தபோது அத்தான் மோவாயில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"அத்தான்! எதைத் தொட்டீங்க?"

"கையேடுன்னு போட்டிருந்துச்சு. என்னன்னு பாத்தேன்."

"அது கையேடு இல்ல, கையேட்டோட மூலம். இன்னும் கட்டலை. கட்டினாத்தான் படிக்க முடியும்."

"படிச்சிட்டு இருக்கேனே."

கர்னல் திரையைப் பார்த்தான். சாதாரண எழுத்து. அங்கங்கே தலைப்பு பெரிதாக வர வேண்டும் என்பதற்காகச் சில நட்சத்திரக் குறிகள், கோடுகள். மற்றபடி பல்பொடிப் பொட்டலத்தில் அச்சடித்திருப்பது மாதிரி, கண்ணிருக்கும் யாரும் படிக்கலாம். மூலம்தான் முக்கியம் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவனுக்கு, காலையிலிருந்து பக்கத்திலேயே கிடந்த மூலத்தைத் திறந்து பார்க்கலாம் என்று தோன்றவில்லை. கட்டாததைப் படிப்பது அவன் அகராதியிலேயே இல்லை.

"இங்கிலீஷ் நல்லா சுளுவா எழுதியிருக்கான்," என்றார் அத்தான். "முதல் பாராவுலயே என்ன சொல்றான்னா, இந்தக் கையேடு இல்லாமலே சாஃப்ட்வேர் ஓடுமாம். கையேடு வேண்டாதவங்க, கட்டும்போது வேண்டாம்னு ஒரு வார்த்தை சேத்துக்கணுமாம். வேணும்னா மட்டும் கீழ இருக்கறதெல்லாம் தேவையாம். அந்த லிஸ்ட்டைப் பாரேன், எவ்ளோ நீளம். இதையெல்லாம் உக்காந்து போடறவன் எவ்வளவு பெரிய வேலையத்தவனா இருக்கணும், இல்ல?"

"ஆமா அத்தான்," என்றான் கர்னல். "கொஞ்சம் நகருங்க."

ஒரு வார்த்தை சேர்த்தான். பிசகில்லாமல் ஓடியது. லைப்ரரிகள் ஒன்றோடொன்று கைகோத்தன. சித்தப்பா வந்தார், பெரியப்பா வந்தார், ஒருவருக்கும் ஒரு மனக்குறையும் இல்லை. காபி டம்ளர் ஆறுவதற்குள் தையல் மென்பொருள் திரையில் வந்து நின்றது. பட்டன்களின் மூலைகள் வளைவாகத்தான் இருந்தன.

"வந்துருச்சுக்கா! கடைசி டிபெண்டன்சி கொஞ்சம் சிக்கலா இருந்துச்சு. அதை வேற மாதிரி தீத்தேன்."

அத்தான் அவனை ஒரு பார்வை பார்த்தார். டிக்கெட் இல்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவர்களுக்கென்றே அவர் வைத்திருக்கும் பார்வை அது.

அக்கா பெருமூச்சுவிட்டுக் குதிரையைத் திறந்தாள். தையலாக மாற்றினாள். பென் டிரைவ் மெஷினுக்குப் போனது. துண்டுத் துணியில் ஒரு குதிரையை ஓட்டிப் பார்த்தாள். ஊசி படபடவென்று இறங்கியது. தலை வந்தது, பிடரி வந்தது, வால் பறந்தது, கால்கள் வந்தன. மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்கு நூல் இழுத்திருந்தது. அங்கிருந்து அடுத்ததற்கு. குதிரை ஓடவில்லை, நாலு காலையும் சேர்த்துக் கட்டிப்போட்டது போல நின்றது.

"பழசுல இப்படி வராதே!" என்றாள் அக்கா. "ஒரு இடத்துல தச்சுட்டு அடுத்த இடத்துக்குத் தாவும்போது நூலைத் தானா வெட்டிரும். இதுல ஏன் வெட்டல?"

"மாப்ள குதிரைக்குக் கால்கட்டு போட்டுட்டான்," என்றார் அத்தான். "இவனுக்குப் போடணும்னு நாம பேசிட்டு இருந்தோம். இவன் முந்திக்கிட்டான்."

அக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு ஒரு வினோதப் பழக்கம் உண்டு. எது புரியவில்லையோ, அதைப் பற்றிய கையேட்டைப் படிப்பாள். மெஷினைக் கற்றுக்கொண்டதே அப்படித்தான். உலகத்தில் கையேடு எழுதுகிறவர்கள் யாரோ ஒருத்தியை நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள் என்றால், அந்த ஒருத்தி கர்னலின் வீட்டிலேயே இருந்தாள். நேராக உதவி என்ற பட்டனைத் தட்டினாள். வளைவான மூலைகளோடு ஒரு பெட்டி வந்தது.

'இந்தக் கட்டுமானத்தில் கையேடு சேர்க்கப்படவில்லை.'

"யாரு சேக்கல?" என்றாள் அக்கா.

"அது தானாவே..."

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சேத்தான்," என்றார் அத்தான், மேற்கூரையைப் பார்த்துக்கொண்டே. "நான் படிச்சுச் சொன்னேன். சாருக்கு அதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது. காலைலேர்ந்து எந்தக் கையேட்டைக் கட்டறேன்னு உசுரை விட்டானோ, அதைத்தான் வேண்டாம்னுட்டான்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். தெருவில் பள்ளிக்கூடம் விட்ட சத்தம் கேட்டது. கர்னலின் முகத்தில் அசடு வழிந்ததைத் துடைக்க அந்தக் கடையில் இருந்த துணி போதாது.

"கத்தறதுக்கு நேரம் இல்ல," என்றாள். "அந்த ஃபைலைத் திறங்க நீங்க."

அத்தான் இரண்டு தட்டுத் தட்டினார். இப்போது அவர் கை தேர்ந்துவிட்டது. கர்னல் பின்னால் நின்று, "கீழ போங்க அத்தான், இன்னும் கீழ," என்று வழிகாட்டினான். படித்துக்கொண்டே போனார்கள். நூல் வெட்டுவது பற்றிய பகுதியை முதலில் கண்டுபிடித்தது கர்னல்தான். அன்று அவன் செய்த ஒரே பிரயோஜனமான காரியம் என்று அதை வேண்டுமானால் குறித்துக்கொள்ளலாம். புதிய பதிப்பில், தாவும்போது நூல் வெட்டுவதை அணைத்தே வைத்திருக்கிறார்களாம். பயனர்கள் தங்கள் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாமாம். காலையில் படித்த 'பல மேம்பாடுகள்' என்பதில் இதுவும் ஒன்று போலிருக்கிறது.

அக்கா அதை இயக்கினாள். அடுத்த குதிரையின் கால்கள் தனித்தனியாக, காற்றில் பாய்ந்து வந்தன. அவள் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். அக்கா மெஷினை ஓட்ட, அத்தான் ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக வளையத்தில் இழுத்துப் பிடிக்க, கர்னல் தொங்கும் நூல்களைக் கத்தரித்தான். கத்தரிக்கோலுக்கு எந்த டிபெண்டன்சியும் இல்லை என்பதைக் கவனித்தான். கடைசி ஜாக்கெட்டுக்கு ஊசி இறங்கிக்கொண்டிருக்கும்போதே வாத்தியார் வாசலில் நின்றார். மெஷின் சூட்டோடு அதையும் மடித்துக் கையில் கொடுத்தாள்.

வாத்தியார் குதிரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உயிரோட இருக்கும்மா. அடுத்த வாரம் ஹெட்மாஸ்டரைக் கூட்டிட்டு வரேன்." பிறகு கர்னலைப் பார்த்து, "தம்பி இல்லன்னா முடிஞ்சிருக்காது, இல்ல?" என்றார்.

"தம்பி இல்லன்னா மத்தியானமே முடிஞ்சிருக்கும் சார்," என்றாள் அக்கா. வாத்தியார் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு, மூட்டையோடு பஸ்ஸுக்கு ஓடினார்.

ஷட்டர் பாதி இறங்கியது. கர்னல் சத்தமில்லாமல் நழுவப் பார்த்தான்.

"நில்லு," என்றாள் அக்கா. "இதுல எதை வேணா போடறதுக்கும் அழிக்கறதுக்கும் ஒரு பாஸ்வேர்ட் இருக்குன்னு சொல்வியே, அது யார்கிட்ட இருக்கு?"

கர்னல் திரும்பி வந்தான். "ரூட் பாஸ்வேர்டா? அக்கா, அது சும்மா எல்லாருக்கும் தர்ற விஷயம் இல்ல. பொறுப்பான ஆள்கிட்டதான்..."

"அதனாலதான் கேக்கறேன். மாத்தற இடத்தைத் திறந்து குடு. இவர் புதுசா ஒண்ணு போடட்டும். இனிமே இந்தக் கம்ப்யூட்டர்ல மூச்சு விடறதா இருந்தாலும் இவர்கிட்ட டிக்கெட் வாங்கிட்டுதான் விடணும்."

"அத்தானா?"

"அவருதான் படிக்கறாரு."

கர்னல் கட்டளையைத் தட்டிக் கொடுத்துவிட்டு எழுந்தான். அத்தான் பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு அரியணையில் அமர்ந்தார். அக்கா கால்கட்டுக் குதிரைத் துணியை எடுத்து, ஒரு ஊக்கால் தம்பியின் சட்டைப் பையில் குத்தினாள்.

"கர்னலுக்கு மெடல் வேண்டாமா? இப்ப அந்தச் சுவத்தைப் பாத்துத் திரும்பி நில்லு. அவர் டைப் பண்ணும்போது பாக்கக் கூடாது."

கர்னல் திரும்பி நின்றான். முன்னால் நூல்கண்டுகள் நிறம் நிறமாக அடுக்கியிருந்தன. பின்னால் அத்தான் ஒற்றை விரலால் கீபோர்டில் எழுத்துகளைத் தேடத் தொடங்கினார். ஒவ்வொரு எழுத்தையும் கண்டுபிடித்ததும், பஸ்ஸின் கடைசி இருக்கை வரை கேட்டுப் பழகிய குரலில், அதன் பெயரை வாய்விட்டுச் சொல்லித் தட்டினார்.

கர்னல் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.